கெட்டிமேளம் நிற்பதற்குள் போய்விடுபவர்

அவர் ஒரு பிளேன் ரீயை முழுதாகக் குடித்து நான் பார்த்ததே இல்லை. பாதியில் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிடுவார். எழும்பிவிடுவார் என்பதும் பிழை. இருந்தால்தானே எழும்புவதற்கு? பாரிசில், ரூ பெர்தொனே என்கிற தெருவில் எங்கள் கடைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடை வாசலில், நிலையோடு சாய்ந்து நின்று, ஒரு காலால் எதற்கோ தாளம் போட்டபடி இரண்டு மிடறு குடிப்பார். பிறகு பார்த்தால் கோப்பை இருக்கும், ஆள் இருக்காது. "உந்த மனிசனுக்கு இனி அரைக் கோப்பைதான் ஊத்துறது" என்று கடைக்காரர் சபதம் எடுத்து, ஒருநாள் உண்மையாகவே அரைக் கோப்பை ஊற்றிக் கொடுத்தார். அதிலும் பாதியை வைத்துவிட்டு அவர் போனார்.

எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் அவருக்குப் பாண்டிச்சேரியார் என்று பெயர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்லி எங்கள் பக்கத்தில் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தகப்பனோடு சின்ன வயதிலேயே பாரிசுக்கு வந்தவர். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் கடைசிவரை இருந்து பார்ப்பதில்லை என்பது அவருக்கு ஒரு வியாதி. தொலைபேசியில் நாம் கதைத்துக்கொண்டிருக்கும்போதே வைத்துவிடுவார். படத்துக்குப் போனால் வில்லன் அடிவாங்கத் தொடங்குவதற்கு முன்பே வெளியே வந்துவிடுவார். யாராவது ஊர்க்கதை சொன்னால், முடிவு வரும் இடத்தில் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடையைக் கட்டுவார்.

"உவரோடை கோவிக்கவும் ஏலாது. கோவிச்சு முடியிறதுக்குள்ளை போயிடுவார்" என்பார் என் கணவர்.

எங்கள் தொழில் கல்யாணம். மணவறை வாடகைக்குக் கொடுப்போம், மாலை கட்டிக் கொடுப்போம், பெண்ணுக்கு அலங்காரம் நான். இந்தத் தொழிலில் நேரம்தான் சாமி. ஒரு பக்கம் ஐயர் குறித்த சுபநேரம், மறுபக்கம் மண்டபத்தைக் கூட்டிப் பூட்டித் திறப்பைக் கொடுக்கவேண்டிய நேரம். இரண்டுக்கும் நடுவில் நின்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டையாகிப் போனது. பாதியில் எழும்பிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அந்தக் கணக்கில் பாண்டிச்சேரியாரை எனக்குப் பிடித்திருக்கக் கூடாது. பிடித்துப் போய்விட்டது, என்ன செய்வது.

முதலில் அவரை நான் பார்த்தது நேரில் அல்ல, வீடியோவில். 2009. அந்த வருடம் மே மாதம் ஊரில் போர் முடிந்த பிறகு எங்கள் சனத்துக்குச் சிரிப்பு வரவே இல்லை. வன்னியில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் ஒவ்வொரு வீட்டிலும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஆனாலும் குறித்த கல்யாணங்கள் நடந்தன. பாட்டுக் கோஷ்டி இல்லை, ஆட்டம் இல்லை. மேளம், தாலி, சாப்பாடு, வீடு. ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்த காலமும் அதுதான். புதிய முகம் ஒன்று கடைத்தெருவில் இரண்டுமுறை நடந்தால், உவர் ஆர், ஆற்றை ஆள் என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

அப்போதுதான் எங்களோடு வேலை செய்யும் வீடியோக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒருக்கா வந்து இதைப் பாருங்கோ. எனக்கு நெஞ்சு இடிக்குது."

பாரிசை அடுத்த ஆர்ஜொந்தெயில் நடந்த ஒரு கல்யாணத்தைப் போட்டார். தவில்காரருக்குப் பின்னால், மண்ணிறக் கோட்டும் கழுத்தில் கட்டம்போட்ட துணியுமாக உயரமான ஒரு மனிதர் நின்றார். அடுத்து லெ பிளாங்-மெனில் கல்யாணம். வேறு மாப்பிள்ளை, வேறு பெண், வேறு ஊர்க்காரர்கள், ஆனால் தவில்காரருக்குப் பின்னால் அதே கோட்டு. மூன்றாவதிலும் அதே ஆள். ஐயர் விரலைத் தூக்கிக் கெட்டிமேளம் சொன்னதும் அவர் முகம் அப்படியே விரிகிறது. தாலி ஏறிக்கொண்டிருக்கும்போதே, எல்லோரும் பூவும் அட்சதையும் எறிந்துகொண்டிருக்கும்போதே, விறுவிறென்று வாசலை நோக்கி நடக்கிறார். ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. எல்லோர் கண்ணும் தாலியில்தானே இருக்கும்.

பொலிஸ் என்றார் ஒருவர். வரிக் கந்தோர் ஆள் என்றார் இன்னொருவர். சாப்பாட்டுக்கு வருகிற ஆள் என்று நான் சொன்னேன். அவர் சாப்பிடுவதே இல்லை என்று வீடியோக்காரர் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினார்.

"சாப்பிடாமல் போறவன்தான் ஆபத்தானவன்" என்றார் என் கணவர்.

அடுத்த கல்யாணத்தில் என் கணவரும் தேநீர்க்கடைக்காரரும் வாசலில் காவல் நின்றார்கள். கெட்டிமேளம் தொடங்கியதும் மனிதர் வந்தார். இவர்கள் மறித்தார்கள். "நகருங்க, நகருங்க, நிக்கப் போவுது!" என்று தமிழில் கத்திக்கொண்டு, அறுபது வயது மனிதர் இரண்டு பேரையும் தள்ளி விழுத்திவிட்டு ஓடினார். கார்கள் நிற்கிற இடத்தின் அந்தத் தொங்கலில் வைத்துத்தான் பிடித்தார்கள். சத்தம் கேட்டு நானும் கையில் சீப்போடு ஓடினேன்.

"மதாம், நான் திருடன் இல்ல" என்றார் என்னைப் பார்த்து. மூச்சு வாங்கியது. "மேளம் கேக்க வந்தேன்."

"மேளம் கேட்க வந்தவர் ஏன் மேளம் அடிக்கேக்கை ஓடுறியள்?" என்றேன்.

"நிக்கிறதுக்குள்ள போயிடணும். அது நிக்கிறத நான் கேட்டுடக் கூடாது."

என் கணவர் என்னைப் பார்த்து, விரலால் தன் தலைக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். விசர் என்று முடிவு. விசர் என்றால் எங்களுக்குப் பயமில்லை. விட்டுவிட்டோம். அடுத்த நாள் அவர் எங்கள் கடைக்கே வந்துவிட்டார். இருக்கச் சொன்னோம், கேட்கவில்லை, நின்றுகொண்டேதான் கதைத்தார். பாதிக் கதையில் போய்விட்டார். மீதிப் பாதியை நாங்கள் வாங்கி முடிக்கப் பல மாதம் எடுத்தது.

கதை இதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் அவரும் மூன்று பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து ஓர் இசைத்தட்டுப் போட்டார்கள். புரோகிரசிவ் ராக் என்று அதற்குப் பெயராம். இரண்டரை நிமிடத்தில் முடிகிற பாட்டுகளில் அலுத்துப்போன பிள்ளைகள், ஒரு பாட்டை ஒரு பக்கம் முழுக்க இழுத்துப் பார்ப்போம் என்று கிளம்பிய காலம். இவர் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்துப் பழகியவர், அங்கேயிருந்து நேரே இதற்குள் குதித்துவிட்டார். கிட்டார் வாசித்தவன்தான் தலைவன், மகா கோபக்காரன், பிற்காலத்தில் தெற்கே போய் நீச்சல்குளம் கட்டிக் கொடுக்கிற வியாபாரம் செய்தான். ட்ரம்ஸ் வாசித்தவன் பாண் சுட்டு விற்கிற பேக்கரிக்காரரின் மகன், அவன் செத்துப்போனான். பாடியதும் புல்லாங்குழல் வாசித்ததும் ஒரு பெண். இசைத்தட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு என்னைத் திட்டுவீர்கள்.

ஆர்ஜொந்தெய்க்கு மணவறை ஏற்றிக்கொண்டு போன ஒரு சனிக்கிழமை, பாண்டிச்சேரியார் தந்த சீடியை எங்கள் வான் வண்டியில் போட்டோம். தவில் அண்ணையும் எங்களோடு வந்தார். அவர் இந்த ஊரில் எங்கள் கல்யாணங்களுக்கெல்லாம் தவில் அடிப்பவர், சிரிக்காத மனிதர். முதலில் ஓர்கன் தனியாக வந்தது. அழகாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் குரல் வந்தபோது நான் கதைப்பதை நிறுத்தினேன். வார்த்தை விளங்கவில்லை, ஆனால் என்னவோ அவசரமாகத் தேடுகிற குரல். பிறகு எல்லோரும் புகுந்தார்கள். ஒருவர் ஒரு கணக்கில் போக, மற்றவர் வேறு கணக்கில் போனார்.

"ஓர்கன்காரனுக்கும் மேளக்காரனுக்கும் காணித் தகராறு போலை கிடக்கு" என்றார் என் கணவர்.

தவில் அண்ணை மட்டும் தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "இல்லை, இல்லை. ஏழு அட்சரத் தாளத்திலை போறாங்கள். வடிவாப் போறாங்கள்" என்றார்.

பாட்டு ஏறி ஏறி, இனி ஏற இடமில்லை என்ற இடத்துக்கு வந்தது. நாங்கள் மூன்று பேரும் முன்னுக்குச் சாய்ந்துவிட்டோம். அந்த நேரம் பார்த்துச் சத்தம் குறைந்தது. வாசிப்பு நிற்கவில்லை, சத்தம் மட்டும் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. பெட்டி பழுதாகிவிட்டது என்று என் கணவர் அதற்கு இரண்டு அடி போட்டார்.

பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. முடிவு அவ்வளவுதான். அதற்கு எப்படி முடிவு வைப்பது என்று நாலு பேருக்கும் தெரியவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் கடைசி நாள். கிட்டார்க்காரன் ஒரு முடிவு சொன்னான், இவர் ஒன்று சொன்னார், ட்ரம்ஸ்காரன் குச்சியை எறிந்தான். சரி, வாசித்துக்கொண்டே போவோம், வரும்போது வரட்டும் என்று வாசித்தார்கள். தட்டின் ஒரு பக்கத்தில் அதற்குமேல் இடம் கிடையாது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் குமிழைத் திருகிவிட்டான்.

"நான் வாசிச்சிக்கிட்டு இருக்கேன், தங்கச்சி. எனக்கு நல்லா ஞாபகம். அப்பதான் வந்துகிட்டு இருந்துச்சி, அந்த முடிவு. விரல்ல வந்துடுச்சி. கண்ணாடி வழியா பாக்கறேன், அவன் கைய இறக்கறான்."

இதைச் சொல்லும்போது அவருடைய விரல்கள் என் மேசைக் கண்ணாடியில் ஓடின. கண்களில் தண்ணீர். நாற்பது வருடத்துக்கு முந்திய கோபம் இத்தனை ஈரமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கும் அந்தக் குமிழ்க்காரன் மேல் சும்மா ஒரு கோபம் வந்தது.

தட்டு விற்கவில்லை. குழு உடைந்தது. அதற்குப் பிறகு அவர் யாருடைய முடிவையும் கேட்பதில்லை. மற்றவர்களின் முடிவைக் கேட்டுவிட்டால் தன்னுடையது போய்விடும் என்று ஒரு பிடிவாதம். வீட்டில் ஓர்கனில் தேடிக்கொண்டே இருந்தார். கூட வேலை செய்த ஒருவருடைய மகளின் கல்யாணத்துக்குப் போன இடத்தில்தான் முதல் தடவையாகக் கெட்டிமேளம் கேட்டிருக்கிறார். பாண்டிச்சேரியார் வேதக்காரர், அதுதான் கிறிஸ்தவர், சின்ன வயதிலேயே வந்துவிட்டவர், அதற்கு முன் கேட்க வாய்ப்பில்லை.

"ஒருத்தரும் ஒருத்தர கேக்கல. எல்லாம் ஒரே நேரத்துல, முழுசா, வேகமா. ஆனா சேந்து இருக்கு! இதத்தான் நாங்க தேடினோம், தங்கச்சி. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிடுச்சி. நிக்கிறதுக்குள்ள வெளிய ஓடிட்டேன்."

"ஏன் ஓடினனியள்? அதுதானே முடிவு?"

"அது அந்தப் பொண்ணோட முடிவு. எனக்கு என்னோடது வேணும்."

இப்படியே இரண்டு மூன்று வருடம் கல்யாணம் கல்யாணமாகத் திரிந்தார். எங்கள் ஆட்கள் பழகிவிட்டார்கள். பாண்டிச்சேரியார் வராத கல்யாணம் என்ன கல்யாணம் என்று பகிடி பண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டது. அவர் மட்டும் பழகவில்லை. ஒவ்வொரு முறையும் அதே நடுக்கம், அதே ஓட்டம்.

அந்த நேரத்தில்தான் மொட்டைத்தலையும் தோளில் பையுமாக ஒரு வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார். பழைய தட்டுகளைத் தேடி மறுபடி வெளியிடும் சின்னக் கொம்பனி ஒன்று வைத்திருந்தார். யாரும் வாங்காத அந்தத் தட்டுக்கு இப்போது உலகம் முழுக்கப் பைத்தியங்கள் இருக்கிறார்களாம், அதைத் திரும்பவும் போடப் போகிறாராம். பாண்டிச்சேரியார் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். குமிழைத் திருகிய இடத்திலிருந்து முடிவை ஒட்ட வேண்டும். மொட்டைத்தலை சம்மதித்தார், ஆனால் கோடைக்கு முன் தரவேண்டும் என்றார்.

பாண்டிச்சேரியார் தவில் அண்ணையிடம் வந்தார். எங்கள் கடையில்தான் அந்தப் பேச்சு நடந்தது.

"ஒரு நாள் வந்து கெட்டிமேளம் வாசிச்சிக் குடுங்க. நான் சேந்து ஓர்கன்கூட வாசிக்க மாட்டேன். அது மட்டும் போதும்."

தவில் அண்ணை தலையை ஆட்டினார். "ஏலாது ஐயா. கோயிலிலை சுவாமிக்கு அடிக்கிறம். கலியாணத்திலை தாலிக்கு அடிக்கிறம். ரெக்கோர்டுக்கு எண்டு அடிக்கிறேல்லை."

"அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு செக்கனும் ஏலாது. தாலி ஏறாமல் கெட்டிமேளம் அடிச்சால் அதுக்குப் பிறகு இந்தக் கை விளங்காது."

வருகிற கிழமை ஒரு கல்யாணம் இருக்கிறது, பெண்ணின் தகப்பனைக் கேட்டு அதைப் பதியுங்கோ என்றேன் நான். மாட்டார். அது அவர்களுடையது. திரும்பவும் தவில் அண்ணையிடம் கெஞ்சினார். கடைக்குள் ஆறு எட்டு நடந்து, திரும்பி, மாலைகளை இடித்துக்கொண்டு நடந்தார். எனக்குத் தலை சுற்றியது.

தவில் அண்ணைக்கும் பொறுமை போய்விட்டது. "அவ்வளவு அவசரமெண்டால் நீங்கள் ஒரு தாலியைக் கட்டுங்கோவன். நான் வந்து அடிக்கிறன்" என்றார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பாண்டிச்சேரியார் சிரிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார், பக்கத்தில் ஒரு பெண்ணோடு. உயரம், மெலிவு, ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டிய நரைமுடி. "இவங்களுக்குச் சேல கட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனார். அவள் வணக்கம் சொன்ன குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. வான் வண்டியில் கேட்ட குரல்.

நாற்பது வருடமாக இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தோம். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. ஒருமுறை நாள் குறித்து, மேரிக்கு, அதுதான் நகரசபைக்கு, போகும் வழியில் இவர் மெட்ரோவில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கிவிட்டாராம்.

எங்கள் ஐயர் கண்டிப்பானவர். "முதலிலை மேரியிலை கலியாண எழுத்தை முடிச்சுப்போட்டு வாங்கோ. பேந்து தாலி" என்றார். இந்த நாட்டுச் சட்டமும் அதுதான். இந்தத் தடவை அவர் போனார். அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள் என்றுதான் சொல்லவேண்டும். கையெழுத்துப் போட்ட கையோடு வெளியே வந்து, மேரிப் படியில் நின்று, மேளம் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.

மண்டபத்துக்குச் செலவழிக்க வேண்டாம் என்று என் கணவர் ஓர் ஒழுங்கு செய்தார். லெ பிளாங்-மெனிலில் சனிக்கிழமை ஒரு கல்யாணம். அந்த மணவறையைக் கழற்றாமல் விட்டுவிட்டு, ஞாயிறு காலை இவர்களுக்கு அதிலேயே தாலி, மத்தியானம் கழற்றுவது. முதல்நாள் பூக்கள் கொஞ்சம் வாடியிருந்தன. வாடிய பூவை நான் பிடுங்கி எறிந்து நல்லதை முன்னுக்கு வைத்தேன்.

அவளைச் சோடிக்க எனக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. அந்த ஒட்ட முடியில் பொய்ச்சடையைப் பிடித்து நிற்க வைப்பது லேசான வேலையில்லை. ஊசி குத்தும்போதெல்லாம் அவள் சிரித்தாள். நான் வேலைக்குப் போதுமான பிரெஞ்சில் கதைப்பேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்குக் கோபம் இல்லையா? மேளத்துக்காகத்தானே உங்களைக் கட்டுகிறார்?"

"தெரியும்" என்றாள். "இருபத்திரண்டு வயதிலிருந்து தெரியும். அந்தத் தட்டில் என் குரலும் இருக்கிறது. எனக்கும் அது எப்படி முடிகிறது என்று தெரிய வேண்டாமா?"

"பிறகு?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். சிரிப்பு இல்லை. "ஆனால் ஒன்று. எல்லாவற்றிலும் பாதியில் எழுந்து போனான். என் அம்மாவின் அடக்கத்திலிருந்துகூடப் பாதியில் போனான். பொறுத்தேன். இன்றைக்கு அங்கே, எல்லோர் முன்னாலும், என்னை இருத்திவிட்டு நடுவில் போனான் என்றால் நான் அந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன். பெட்டி கட்டித் தங்கச்சி வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அவனுக்குச் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்."

நான் வைத்துக்கொண்டிருந்த பொட்டு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. துடைத்து மறுபடி வைத்தேன். கல்யாணப் பெண்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன், பயந்து வாந்தி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை. அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்கவேண்டும் போல இருந்தது. சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே.

வந்திருந்தவர்கள் கொஞ்சப் பேர். அவளுடைய தங்கச்சி, டிக்கெட் கவுண்டரில் கூட இருந்தவர்கள், தேநீர்க்கடைக்காரர். வீடியோக்காரர் கூலி வாங்காமலே கமராவோடு வந்துவிட்டார். மொட்டைத்தலை நீளத் தடியில் மைக்கைக் கட்டி, காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு தவில் அண்ணைக்குப் பக்கத்தில் நின்றார். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாததால், "தங்கச்சி நீங்கதான்" என்று சொல்லி என்னையே தோழியாக்கிவிட்டார். பெண்ணுக்குப் பின்னால் நின்று சடையை ஒதுக்கிப் பிடிப்பது என் வேலை.

வேட்டி கட்டிய பாண்டிச்சேரியார் மணவறையில் இருந்த அழகைச் சொல்ல வேண்டும். ஐயர் தண்ணீரை விடச் சொன்னால் பூவைப் போட்டார், பூவைப் போடச் சொன்னால் வாசலைப் பார்த்தார். முழங்கால் ஆடி ஆடித் தட்டத்தில் இருந்த பாக்கு உருண்டது. அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். தங்கக் கொடி வேண்டாம், மஞ்சள் கயிறு போதும் என்று அவள்தான் கேட்டிருந்தாள்.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். இவர் எழும்பி, அவளுக்கு முன்னால் வந்து, குனிந்து, இரண்டு கையையும் அவள் கழுத்தைச் சுற்றிப் பின்னால் கொண்டுவந்தார். ஐயர் விரலைத் தூக்கினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தவில் அண்ணை அன்றைக்கு அடித்ததைப் போல நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்கவில்லை. இரண்டு தவில், ஒரு நாதஸ்வரம்தான். மண்டபத்தின் கூரை தூக்கிக்கொண்டு போனது. சனம் பூவை எறிந்தது, அட்சதையை எறிந்தது.

கயிற்றின் இரண்டு முனையும் என் கண்ணுக்கு முன்னால், அவருடைய விரல்களில் இருந்தன. விரல்கள் அசையவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கட்டினால் மேளம் நின்றுவிடும். கட்டாமல் இருந்தால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐயர் "கட்டுங்கோ" என்றார். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. "ஐயா, கட்டுங்கோவன்!" என்று நான் கத்தினேன். எறிந்து முடித்த சனம் வெறுங்கையோடு ஒருவரை ஒருவர் பார்த்தது. தவில் அண்ணையின் நெற்றியில் வியர்வை ஓடியது, கண் ஐயரின் விரலிலேயே இருந்தது, விரல் இறங்கவில்லை. கை விளங்காமல் போனாலும் அவர் நிறுத்த மாட்டார். என் கணவர் தூணுக்குப் பக்கத்தில் நின்று தலையில் கை வைத்தார்.

பிறகு நான் பார்த்தது அவருடைய காலை. வலது குதி மெல்லக் கிளம்பியது. கால் வாசல் பக்கம் திரும்பியது.

போகப் போகிறார். இந்த வயதில், இந்தக் கோலத்தில், இவளை இருத்திவிட்டுப் போகப் போகிறார். கயிற்றைப் பறித்து நானே கட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவளும் அந்தக் காலைப் பார்த்தாள். மடியில் இருந்த இரண்டு கையையும் தூக்கினாள். நான் மருதாணி போட்ட கைகள். அவருடைய இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தி அழுத்தினாள்.

அவர் கண்ணைத் திறந்தார். எங்கள் எல்லோருக்கும் மேளம் இடி இடியென்று இடித்துக்கொண்டிருந்தது, அவருக்கு அது இல்லாமல் போய்விட்டது. முன்னால் அவள் முகம் மட்டும் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். திரும்பியிருந்த கால் மெதுவாக நேரே வந்தது.

ஒரு முடிச்சுப் போட்டார். விரல் வழுக்கியது. இரண்டாவதைப் போட்டார். மூன்றாவதை மாப்பிள்ளையின் சகோதரி போடலாம் என்று ஐயர் முன்பே சொல்லியிருந்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன். அவரே போட்டார்.

ஐயரின் விரல் இறங்கியது. மேளம் நின்றது.

அப்படி ஓர் அமைதியை நான் எந்த மண்டபத்திலும் கேட்டதில்லை. யாரோ தும்மினார்கள். அவர் குனிந்தபடியே இருந்தார், அவளுடைய கைகளும் அவர் காதிலேயே இருந்தன. தவில் அண்ணை குச்சியைக் கீழே வைக்கும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் அவள் கையை எடுத்தாள்.

மொட்டைத்தலை சிவந்த முகத்தோடு ஓடிவந்தார். எல்லாம் பதிந்திருக்கிறது, அற்புதம், அற்புதம், கேளுங்கள் என்று காதுக்கருவியைக் கழற்றி நீட்டினார். பாண்டிச்சேரியார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"எப்படி நின்னுச்சி, தங்கச்சி?"

"நீங்கள் கட்டினியள், ஐயா. அதோடை நிண்டுது."